கிராபிக்ஸ் கார்டும் வயல் மோட்டாரும்

"எங்க வயல் மோட்டாரை நிறுத்திட்டுத்தான் கேம் ஆடுவேன்" என்றாள் பாபநாசம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த கல்லூரிப் பெண். கேம் ஆடுவதற்கென்றே பாகம் பாகமாக வாங்கி, முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கிறாள் போலிருக்கிறது.

பக்கத்தில் இருந்த தோழி விடவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்குற பவர் சப்ளைய மட்டமா வாங்காதடி. மோட்டார் ஓடுனா உங்க ஊர்ல வோல்டேஜ் எறங்கிடும். கேமை ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு போயிடும்."

"நல்லதா வாங்குனா பெரிய கார்டுக்குப் பணம் பத்தாது. மோட்டாரைப் போடுறதே நான்தானே, செல்லுலேர்ந்து. ஆடுறப்ப நிறுத்திக்கிறேன்."

"உங்க மோட்டாரை நிறுத்துவ. மத்தவங்க மோட்டாரை?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். சாலையோர வயல்களில் வரிசையாகக் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, சின்ன கார்டே போதும். பவர் சப்ளைய நல்லதா வாங்கிக்கிறேன்" என்றாள்.