பதினைந்தை முப்பதாக்கிய அம்மையாருக்கு

அளந்து பேசி, ஆராய்ந்து எழுதி, அஞ்சாது கையொப்பமிட்ட அம்மையீர்! வானூர்தி நிலையங்களின் வடிவமைப்புக்கும் பாதுகாப்புக்குமான தேசியத் தரவிதிகளை முப்பத்து நான்கு ஆண்டுகள் தாங்கியும் திருத்தியும் தழைக்கச் செய்த தகைமையே! ஓடுபாதையின் ஓரத்தை ஒரு விரற்கடையும் விட்டுக்கொடாத உறுதியே! விமானம் மோதினால் விளக்குக் கம்பம் ஒடிய வேண்டும், விதி எவர் மோதினாலும் ஒடியக் கூடாது என்று எங்கள் காது புளிக்கப் புளிக்கச் சொன்ன பெருந்தகையே! வணக்கம்.

இதுவரை உள்ள வரிகளைச் சென்ற திங்கட்கிழமையே எழுதி முடித்திருந்தோம். அடுத்து உங்கள் பொறுமை, நேரந்தவறாமை, இன்முகம் என்று பத்திக்கு ஒன்றாக அடுக்குவதாகத் திட்டம். (இன்முகத்துக்கு ஒரு பத்தி தேறுமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது.) செவ்வாய்க்கிழமை பிற்பகலோடு அந்தத் திட்டம் மண்ணோடு மண்ணானது. ஆகவே இம்மடல் மற்ற மடல்களைப்போல் இராது, பொறுத்தருள வேண்டும்.

பணிநிறைவு பெறுபவரின் முதல் கோப்பைத் தேடியெடுத்து, அதிலுள்ள முதல் கையொப்பத்தை நகலெடுத்து மடலில் ஒட்டுவது நம் பிரிவின் வழக்கம். அந்த வேலை எப்போதும் எங்கள் ஒப்புநோக்காளருடையது. ஒரு காற்புள்ளி காணாமற்போனாலும் கண்டுபிடித்துவிடுவதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் சூட்டியவரே நீங்கள்தான். செவ்வாயன்று மதிய உணவு முடிந்த கையோடு அவர் பதிவறைக்குள் போனார். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், தும்மலுக்குப் பஞ்சமில்லாத ஒரு கோப்புக் கட்டுக்குள், நீங்கள் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்த ஆண்டின் கோப்பு கிடைத்தது. கையொப்பத்தைத் தேடிப் புரட்டியவர் பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

அது ஓடுபாதையின் இருமருங்கிலும் மண்ணுக்குள் இருக்கும் கேபிள் குழிகளைப் பற்றிய விதி. விமானம் வழுக்கி ஓடுபாதையை விட்டு விலகினால் அதன் சக்கரம் மண்ணில் புதையும். புதைந்த சக்கரம் கான்கிரீட் குழியின் நேர்ச்சுவரில் முட்டினால் அதைத் தாங்கும் கால் முறியும். அதனால் குழியின் விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும், சக்கரம் ஏறித் தப்பித்துவிடும். எத்தனை ஆழத்துக்குச் சீவுவது? பதினைந்து சென்டிமீட்டர். இது எங்கள் பிரிவில் தேநீர் கொடுப்பவருக்குக்கூட மனப்பாடம். ஐந்து பதிப்புகளிலும் அதுதான். அச்சகத்தில் இருந்த ஆறாம் பதிப்பிலும் அதுதான்.

அந்தப் பக்கத்தில் மற்ற எண்களெல்லாம் மையில் இருந்தன. பதினைந்து மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. பூதக்கண்ணாடி சுட்டுவிரலால் மெல்லத் தொட்டார். விரலில் கரி ஒட்டியது. அது பென்சில். ஓரத்தில் உங்கள் கையெழுத்தில், அதுவும் பென்சிலில், ஒரு குறிப்பு: "தற்காலிக அளவு. ஈரக் களிமண் சோதனை முடிவு வந்ததும் மாற்றவும்."

அதே கட்டுக்குள், நாலு தாள் தள்ளி, அந்தச் சோதனை முடிவு இருந்தது. எவரும் பிரித்த அடையாளமே இல்லை. முப்பது சென்டிமீட்டர் என்றிருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று பூதக்கண்ணாடிக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அது அவருடைய தொழில். உறுதியான எண்ணை மையிலும் உறுதியாகாததைப் பென்சிலிலும் எழுதுவது நம் பிரிவின் முறை. ஆனால் கோப்பை அச்சுக்கு அனுப்பியபோது யாரோ நகலெடுக்கும் இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். இயந்திரத்துக்கு மையும் ஒன்றுதான், பென்சிலும் ஒன்றுதான், இரண்டையும் கன்னங்கரேலென்று எடுத்துக்கொடுத்திருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு பதிப்பையும் முந்தைய பதிப்போடு ஒப்பிட்டார்கள். கடைசி மூன்று பதிப்புகளை ஒப்பிட்டவர் அவரேதான். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. தப்பைத் தப்போடு ஒப்பிட்டால் சரியாகத்தானே இருக்கும்.

கோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இதை அவரே எங்களிடம் சொன்னார், எழுதவும் சொன்னார். வெள்ளிக்கிழமை விழா. அமைச்சர் வந்து ஆறாம் பதிப்பை உங்கள் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. மூன்றே நாள். ஒரு மனுஷியின் முப்பத்து நான்கு ஆண்டுகளை மூன்று நாளுக்கு முன்னால் உடைக்க வேண்டுமா என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. பிறகு மழைக்காலம் தொடங்கிவிட்டது நினைவுக்கு வந்தது. எழுந்து, கோப்பைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு, உங்கள் அறைக்கு வந்தார்.

"மேடம், இதக் கொஞ்சம் பாருங்க."

நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். "அடடா, என் கையெழுத்து அப்பவே இவ்ளோ கோணலா?" என்றீர்கள். பிறகு ஓரக் குறிப்பைப் படித்தீர்கள். சோதனை முடிவைப் படித்தீர்கள். திரும்பவும் ஒருமுறை படித்தீர்கள். உங்கள் முகம் வெளுத்ததைப் பார்த்து அவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அவர் திரும்பியபோது நீங்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தீர்கள்.

"அப்ப எனக்குக் கல்யாணம். பத்து நாள் லீவு. திரும்பி வந்தா புத்தகம் அச்சாயிடுச்சு, அதுல பதினஞ்சுன்னு இருந்துச்சு. சோதனையிலயும் அதுதான் வந்துச்சு போலன்னு நெனச்சேன். யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல."

முதலில் அச்சகத்தை நிறுத்தச் சொன்னீர்கள். அடுத்த கால்மணி நேரத்தில் இயக்குநர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வெளியீட்டு விழா போனால் தன் தலை போகும் என்று அவருக்குக் கவலை.

"மேடம், அமைச்சர் தேதி கொடுத்துட்டார். இத அடுத்த பதிப்புல திருத்திக்கலாமே. உங்க பேரு கெடாம போகும்."

"அடுத்த பதிப்பு எட்டு வருஷம் கழிச்சு வரும் சார். அதுவரைக்கும் மழ பெய்யாம நீங்க பாத்துக்குவீங்களா?"

இயக்குநர் இறங்கிப் போனார். பத்தொன்பது விமான நிலையங்களின் இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் குழிகளையும் தோண்டிச் சீவ வேண்டும் என்ற ஆணை அன்று மாலைக்குள் போய்விட்டது. அதன் முதல் வாக்கியம் "தவறு என்னுடையது" என்று தொடங்கியது. நாங்கள் தட்டச்சு செய்த ஆணைகளில் அப்படித் தொடங்கியது அது ஒன்றே. அமைச்சர் வரமாட்டார் என்ற செய்தியும் தாமதமில்லாமல் வந்துசேர்ந்தது. அதனால்தான் பெரிய அரங்கத்தை விட்டு, நம் பிரிவு அறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு உங்களை வாழ்த்திக்கொண்டிருக்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் எங்களுக்கு இத்தனை கலக்கம் இல்லை. ஆணையில் கையெழுத்திட்டபின் நீங்கள் வேறொரு கோப்பைக் கேட்டீர்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் ஓடுபாதையை விட்டு விலகிய விமானத்தின் கோப்பு. மூக்குச் சக்கரத்தின் கால் முறிந்து, பத்தொன்பது பேருக்குக் காயம். சக்கரம் முட்டியது ஒரு கேபிள் குழியில். விசாரணைக் குழு நம்மைக் கேட்டது. குழி தரவிதிப்படியே உள்ளது என்று நாம் பதில் எழுதினோம். கையொப்பம் உங்களுடையது, ஒப்புநோக்கியவர் பூதக்கண்ணாடி. அந்தக் கடிதத்தை வைத்துத்தான் மொத்தப் பழியும் விமானியின் தலையில் விழுந்தது. உரிமம் போயிற்று. இன்று அவர் ஒரு சரக்குக் கிடங்கில் இருப்புப் பார்க்கிறார்.

அந்த விமானியின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து நீங்கள் அவரை அழைத்தீர்கள். "நான் சொல்றதுக்கு ஒரு சாட்சி இருக்கட்டும்," என்று பூதக்கண்ணாடியை உட்காரவைத்து, தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தினீர்கள். அவருக்கோ எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவ்வளவு இடிந்துபோன நேரத்திலும் நீங்கள் அளந்துதான் பேசினீர்கள்.

"விமானம் பாதைய விட்டு விலகினது மழையால இருக்கலாம், உங்க கையாலயும் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. ஆனா கால் முறிஞ்சது நான் எழுதின அளவால. அத்தன பேருக்கு அடிபட்டதும் அதனாலதான். குழி சரியா இருந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டது பொய். அப்ப அது பொய்யின்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

மறுமுனையிலிருந்து விமானியின் குரல் வந்தது. கோபமாக வரும் என்று இருவரும் காத்திருந்தீர்கள். அது கோபமாக இல்லை.

"எம் பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு மேடம். ஸ்கூல்ல அவள என்னென்னவோ கேட்டாங்க. அப்பா தப்புப் பண்ணிட்டேன்மான்னு நானே அவகிட்ட சொல்லிட்டேன். இப்ப அவ பக்கத்துலதான் இருக்கா. அவகிட்ட நீங்களே சொல்றீங்களா?"

சொன்னீர்கள். முதலிலிருந்து, ஒரு சொல்லும் குறைக்காமல், பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவள் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"இது எங்கயாவது எழுதியிருக்கா ஆன்ட்டி?"

விசாரணையைத் திறந்து அறிக்கையைத் திருத்த ஓராண்டாவது ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மனுவும் போட்டுவிட்டீர்கள். ஆனால் அவளிடம் ஓராண்டு என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடுவாங்கம்மா," என்றீர்கள். தொலைபேசியை வைத்துவிட்டு எங்களை அழைத்து, நம் தலைப்புத்தாளில், எல்லோர் கையொப்பத்தோடும் வெள்ளிக்கிழமை வெளிவரப்போவது இந்த மடல் ஒன்றுதான், நடந்தது அத்தனையும் இதில் இருக்க வேண்டும், இல்லையேல் வாங்கமாட்டேன் என்றீர்கள்.

எழுதிவிட்டோம், அம்மையீர். பாராட்ட வந்த இடத்தில் உங்கள் பிழையைப் படிக்கக் கூசித்தான் படிக்கிறோம். ஆயினும் உங்களை எதற்காகப் பாராட்டுவது என்று செவ்வாய்க்கிழமைவரை எங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பதே மெய். உடல் நலிவின்றி, உள்ளம் மெலிவின்றி, உற்றார் சூழ, உறக்கம் குறையாது, ஓய்விலும் ஓங்கிய புகழோடு நெடுங்காலம் நிலைத்து வாழ்க என நெஞ்சார வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
தரவிதித் திருத்தப் பிரிவின் பணியாளர் பதினால்வர்

நகல்: விமானியின் மகளுக்கு, சட்டமிட்டு, நேரில்.