ரோமாபுரி ராஜாவும் மண்ணூர் மாப்பிள்ளையும்

அப்போதெல்லாம் மண்ணூருக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ்தான். காத்திருந்தபோது எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாளும், அவள் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற வாலிபனும் நின்றிருந்தார்கள். அவன் ஞானஸ்நானம் எடுத்தால்தான் கோயிலில் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசிப்பார்களாம்.

“ரோமாபுரி ராஜாவே சாவப்போற நேரத்துலதான் ஞானஸ்நானம் எடுத்தாராம் அத்த. எனக்கு மட்டும் இன்னா அவசரம்?” என்றான் அவன்.

“மூணு மாசமா உபதேசியாரு பாடம் சொன்னதுல உன் மண்டையில ஏறினது இது ஒண்ணுதானா?”

“இல்ல அத்த. சிலுவையப் போட்டுக்கினு சண்டைக்குப் போனாரு, ஜெயிச்சாரு, ஊரெல்லாம் கோயில் கட்டினாரு. தண்ணிய மட்டும் கடேசிலதான் ஊத்திக்கினாரு. அதுவரிக்கும் பண்ண பாவமெல்லாம் ஒரே முழுக்குல போயிடுச்சு பாருங்க.”

“ஓகோ. என் பொண்ணக் கட்டிக்கினு அப்பால இன்னா பாவம் பண்றதா உத்தேசம்?”

அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

“வெக்கப்படாதப்பா. ராஜா மாதிரியே செய். சாவும்போது ஞானஸ்நானம் எடு, அப்பவே தாலியும் கட்டு. அதுவரிக்கும் அவள வேற எடத்துல குடுத்து வெக்கிறேன். வல்லத்துல ஒருத்தன் கேட்டுக்கினுதான் கீறான்.”

பஸ் வந்தது. அம்மாள் திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஜன்னலோரம் ஓடிவந்தான்.

“அத்த, சாமியாரு இன்னிக்கி இருப்பாரா?”

“இருப்பாரு. நீ போய் ஞானஸ்நானம் கேட்டா, உடம்புக்கு இன்னா ஆச்சோன்னு பயந்துடப் போறாரு.”