ஐவரி லேனுக்கு வெளியே

அந்தப் பெட்டியைச் சாய்க்காதே பாப்பா, தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறு. உன் அப்பாவின் டேப்புகள் எல்லாம் அந்த ஒரே அலமாரியில்தான். மற்றதெல்லாம் நனைந்தால் நனையட்டும்.

சரி, எல்லாம் மேலே வந்தாயிற்று. உட்கார். குழாய் வெடித்ததற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும். குளிர் வருவதற்கு முன், தண்ணீர் உறையாமல் இருக்க, குழாய்க்குத் துணி சுற்ற வேண்டும் என்று நியூவர்க்கில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன்.

கீழே நிலவறையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டாய். "மில்டன் மாமா, செவ்வாக்கெழம அந்த ரிடையர்டான போலீஸ்காரரைப் பாக்கப் போறேன். அப்பாவைப் பத்தி ஸ்டேஷனுக்கு போன் பண்ணினது யாருன்னு அவருக்கு நல்லா ஞாபகம் இருக்காம். அதுக்கு முன்னாடி ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பெரியவன் என்று என்னிடம் முதலில் கேட்டாய் பார், உன் அம்மா உன்னை நன்றாக வளர்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை நீ வீணாக ரயில் ஏற வேண்டாம். போன் செய்தது நான்தான்.

அந்தத் துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொள். சளி பிடிக்கும்.

நீ வந்த வேலையையும் நான் மறக்கவில்லை. ஏமோஸ் டில்மன் டிரம்ஸ் என்றால் ஊர் உலகத்துக்கு ஐவரி லேன் கம்பெனி இசைத்தட்டுகள்தான். அந்த மஞ்சள் லேபிள், அந்த நான்கு ஊதுகுழல்கள், பின்னால் இடி மாதிரி உன் அப்பா. அதற்கு வெளியே அவன் வாசித்ததையெல்லாம் தேடிப்பிடித்து ஒரே தொகுப்பாகக் கொண்டுவருகிறார்கள். உள்ளே போடும் சின்னப் புத்தகத்தை எழுதுவது நீ. அதில் ஒரு பக்கத்தில் உன் அம்மா வெர்லீன் புருஷனைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று அச்சில் வர வேண்டும், அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடுவதற்குள் வர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு அலைச்சல். எனக்குத் தெரியும்.

ஒன்று, மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். உன் பட்டியலில் ஒரு தப்பு இருக்கிறது. 'ஜோ பிளாங்கெட்' என்று லேபிளில் இருப்பது உன் அப்பாதான். பெரிய டிரம்முக்குள் நான் என் பழைய கம்பளி பிளாங்கெட்டைத் திணித்தேன், சத்தம் அடங்கட்டும் என்று. சிரித்துக்கொண்டே அவனே அந்தப் பெயரை வைத்துக்கொண்டான். ஐவரி லேனோடு ஒப்பந்தம் இருக்கும்போது வேறிடத்தில் சொந்தப் பெயரில் வாசிக்க முடியாது, எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் 'பிரான்சிஸ் போப்' உன் அப்பா இல்லை. அவன் நிஜமாகவே பிரான்சிஸ் போப். ஆரஞ்ச் தெருவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான், வாசிப்பும் பஸ் மாதிரியே இருக்கும். அதை அடித்துவிடு.

ஐவரி லேனில் அவனை வீணடித்தார்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை, நீயே கேட்டிருக்கிறாய். மைக்கைத் தள்ளி வைத்து, ஊதுகுழல்களுக்குப் பின்னால் அவனை வேலி மாதிரி நிறுத்தினார்கள். இங்கே, இந்த ரேடியோ ரிப்பேர்க் கடையின் பின் அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சும்மா கம்பிப் பிரஷ்ஷை எடுத்து ஸ்நேர் என்கிற சின்ன டிரம் மேல் ஒரு சுற்றுச் சுற்றினான். யாரோ ஈரத் தரையைப் பெருக்குவது மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளே ஒரு நடை, நடைக்குள்ளே ஒரு மூச்சு. நான் கையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலோடு நின்றுவிட்டேன். விரல் சுட்டது கூடத் தெரியவில்லை.

"ஏமோஸ், இதை நாம பதிவு பண்ணணும்டா" என்றேன்.

"நேரம் எங்கடா இருக்கு மில்ட்டு? வாரம் பூரா கிளப்பு. மிச்ச நேரம் தூங்கலைன்னா உன் தங்கச்சி கரண்டியத் தூக்கிக்கிட்டு வர்றா."

தங்கச்சி என்றது உன் அம்மாவை. நான் அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, ஆனாலும் அப்படித்தான் சொல்வான்.

அடுத்த வருஷம் கேட்டேன். அதே பதில். அவன் கை என்றைக்கும் அப்படியே இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். டிரம்ஸ் வாசிப்பவர்களின் மணிக்கட்டு குதிரையின் கால் மாதிரி, ஒரு நாள் போனால் போனதுதான். ஆகவே அவனுடைய நேரத்தைக் கொஞ்சம் விடுவிக்க வேண்டியிருந்தது. நான் அதை அப்படித்தான் பார்த்தேன்.

உன் வயதுக்காரர்களுக்கு அந்த அட்டையின் பயம் தெரியாது. இப்போது அந்தச் சட்டமே இல்லை. அன்றைக்கு நியூயார்க்கில் சாராயம் விற்கிற எந்தக் கிளப்பில் வாசிக்கவும் போலீஸ் கொடுத்த அட்டை வேண்டும். போதைப்பொருளோடு பிடிபட்டால் அட்டை போயிற்று. அட்டை போனால் நியூயார்க் போயிற்று. ஆற்றுக்கு இந்தப் பக்கம், நம் நியூவர்க்கில், அட்டை தேவையில்லை. அட்டை போனவன் இங்கேதான் வர வேண்டும். இங்கே வந்தால் என் கடைக்குத்தான் வர வேண்டும்.

உன் அம்மா மேல் பழி விழுந்த கதை உனக்குத் தெரியும். என் காதால் கேட்டதைச் சொல்கிறேன். ஞாயிறு விருந்து, உங்கள் வீட்டு மேஜையைச் சுற்றிப் பாதி நியூவர்க் உட்கார்ந்திருக்கிறது. வெர்லீன் மீன் வறுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த அட்டையைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் தூங்கறாரு. என்னைக் கட்டினாரா, அதைக் கட்டினாரான்னே தெரியல."

"அட்டைக்கு மீன் வறுக்கத் தெரியாதே அண்ணி" என்றான் பெரிய பாஸ் பிடில் வாசிக்கிற பஸ்டர்.

"எந்தப் புண்ணியவானாவது அதைப் புடுங்கிக்கிட்டுப் போகட்டும். அப்பவாவது இந்த மனுஷன் வீட்டுல ஒக்காந்து சாப்பிடுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாதான் அதிகமாகச் சிரித்தான். கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊசி இல்லை, பொடி இல்லை. ரொட்டியை எடுக்கும்போது விரல் நடுங்கவில்லை. வெர்லீன் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பாள், பரிமாறும்போதெல்லாம்.

அந்த வாரமே கிளப் வாசலில் போலீஸார் அவனைப் பிடித்தார்கள். சிம்பல் தட்டுகள் வைக்கும் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பொட்டலம்.

அந்தப் பொட்டலம் என்னுடையது. போன் செய்ததை மட்டும் உன்னிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், ஆனால் அது நியாயம் இல்லை. எங்கே வாங்கினேன் என்று கேட்காதே. பால் எங்கே கிடைக்கும் என்று தெரிவது மாதிரி அன்று எல்லாருக்கும் தெரியும்.

அவன் வழக்காடவில்லை. வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "என்னுதுதான்" என்று ஒரே வார்த்தை. சிறையில் போட்டார்கள். நான் சில மாதம்தான் இருக்கும் என்று நினைத்தேன், அதைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது. வெளியே வந்த அன்றே இந்தக் கடைக்கு வந்தான். நீ இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான்.

"மில்ட்டு, வெர்லீன் அப்படிச் செஞ்சிருப்பாளாடா?"

நான் ஆம் என்று சொல்லவில்லை. நீ எத்தனை பேரை வேண்டுமானாலும் கேட்டுப் பார், உன் அம்மாவைப் பற்றி நான் ஒரு குறை சொன்னதாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "அவளை ஒண்ணும் கேக்காதே ஏமோஸ்" என்றேன். "பாவம், அவளும் எத்தனை காலம்தான் தனியா ஒக்காந்திருப்பா." அவளுக்காகப் பரிந்து பேசியதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவன் அவளைக் கேட்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. மாடியில் இருந்த என் அறையில் தங்கினான். அந்தக் குளிர்காலம் முழுவதும் பின் அறையில் வாசித்தோம். நீ தேடியலைந்த இசைத்தட்டுகள் எல்லாம் அந்தக் குளிர்காலத்தில் பிறந்தவைதான். சிறையில் பழைய பழக்கம் திரும்பியிருந்தது. அது இல்லாவிட்டால் கை நடுங்கும், இருந்தால் பிரஷ் அப்படியே மிதக்கும். ஆகவே அது அவனுக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டேன். யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். அந்த மெதுவான பாட்டில் ஒரு சிம்பல் அடித்துவிட்டு, அடுத்த அடிக்கு இனி வரவே மாட்டானோ என்று பயப்படும் அளவுக்குக் காத்திருக்கிறானே, அதைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். 'துக்கத்தின் பொறுமை' என்று எழுதியிருக்கிறாய். அழகாக இருந்தது.

அதே பாட்டில் பியானோவின் ஒரு கட்டை சுருதி இறங்கியிருக்கும். ஆள் கூப்பிட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். இன்றும் கேட்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு அவன் கோபன்ஹேகனுக்குக் கப்பல் ஏறினான். அங்கே ஓர் ஓட்டல் அறையில் அவன் உயிர் எப்படிப் போயிற்று என்பது உனக்குத் தெரியும். ஊசிதான். வெர்லீன் ஆஸ்பத்திரியில் படுக்கிற வரைக்கும், இந்த ஊரில் ஒரு கூட்டம் அவளைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும். சர்ச்சில் அவள் உட்காரும் பெஞ்சில் இடம் காலியாகவே இருக்கும். நான்தான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்கித் தந்தேன், பல்லுக்குக் கம்பி போட்டுவிட்டேன். அதையெல்லாம் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே.

புத்திசாலிப் பெண் நீ, என்ன யோசிக்கிறாய் என்று தெரிகிறது. ஊர் சொல்வதும் அதைத்தானே. பெரிய டிரம்முகளைக் கிளப்பிலேயே விட்டுவிட்டு, சிம்பல் பையை மட்டும்தான் உன் அப்பா வீட்டுக்குத் தூக்கிவருவான். அன்று பகல் முழுக்க அது உங்கள் வீட்டில், படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. வெளியார் யாரும் வரவில்லை. நானும் வரவில்லை. அங்கிருந்து அவன் தோளில் ஏறி நேரே கிளப் வாசலுக்குப் போயிற்று. வீட்டில் இருந்தது வெர்லீன் ஒருத்தி. பொட்டலத்தை வேறு யார் வைத்திருக்க முடியும்? இதற்குப் பதில் தெரியாததால்தானே உன் அம்மா இத்தனை வருஷம் பழியைச் சுமந்தாள்.

வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் இல்லை, பாப்பா.

உனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா வாசிக்கக் கிளம்பும் முன் அந்தப் பைக்குள் நீ ஒரு புதினா மிட்டாய் போடுவாய். நீ போட்டால்தான் அவன் தோளில் மாட்டுவான். கிளப்பில் எல்லார் முன்னாலும் அதை எடுத்துக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வான். பஸ்டர் கேலி செய்வான், "சம்பளம் வந்திடுச்சு, இனிமே வாசிப்பான்" என்று. உனக்கு ஞாபகம் இல்லை என்று உன் முகமே சொல்கிறது. அந்தப் பழக்கம் அன்றோடு நின்றுபோயிற்று, அதனால் ஞாபகம் இருக்க நியாயம் இல்லை.

அன்று நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் நின்றேன். பொட்டலத்தை மிட்டாய் மாதிரி வெள்ளித்தாளில் நன்றாகச் சுற்றித்தான் கொடுத்தேன். "இது அப்பாவுக்குப் புதுசா ஒண்ணு. பிரிச்சுப் பாக்கக் கூடாது, அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது. அப்பா அசந்து போகணும், என்ன?" என்றேன். நீ தலையாட்டினாய். பிரித்துப் பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை. அந்த வயதிலேயே வாக்குத் தவறாத பெண்.

போலீஸ்காரன் கையில் அந்த வெள்ளித்தாளைப் பார்த்தபோதே உன் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, வைத்தது யார் கை என்று. உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாதே என்றுதான் "என்னுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கொடுத்தனுப்பியது யார் என்பதில்தான் தப்பாக நினைத்துவிட்டான். துறைமுகத்தில் என்னிடம் சொன்னான்: "காட்டிக் கொடுத்ததை மன்னிச்சிடுவேன் மில்ட்டு. பொண்டாட்டிதானே, ஆத்தாமைல செஞ்சிட்டா. ஆனா கொழந்தை கையால வைக்கச் சொன்னா பாரு. அந்த மொகத்தை நான் எப்படிடா பாப்பேன்?"

அவன் பெட்டியை நான்தான் கப்பல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். கனமாக இருந்தது.

நீ எழுது. என் பெயரைப் போட்டு எழுது. கையெழுத்து வேண்டுமென்றால் இப்போதே போடுகிறேன். வெர்லீன் அச்சில் பார்க்கட்டும். பார்த்ததும் அவள் முதலில் கேட்கப்போவது பொட்டலம் பைக்குள் எப்படிப் போயிற்று என்றுதான், இத்தனை வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பதே அது ஒன்றைத்தான். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொள். அவள் இருக்கிற நிலையில்.

அந்தப் போலீஸ்காரருக்கு நான் போன் செய்தது மட்டும்தான் தெரியும். மற்றது தெரிந்த ஒரே ஆள் நான்தான். உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் ஏன் சொன்னேன் தெரியுமா, பாப்பா? நாளைக்கு இதை வேறு யாராவது சொல்லி, உன் மனது உடைந்துவிடக் கூடாதே என்றுதான்.