ஒரே உருவம், இரண்டு பதிவுகள்

மேடையில் இருக்கும் பதிப்பக நிர்வாகி அவர்களே, அகராதிக் குழுத் தோழர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே, வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் கொத்தனாரே, அனைவருக்கும் வணக்கம்.

செய்தியாளர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் இந்தக் குழுவில் சேர்ந்தவன் நான். கண்டதைச் சொல்லியே பழகியவன். இன்றும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

நம் தலைமைத் தொகுப்பாசிரியர் கடைசியாகக் கையில் வைத்திருந்தது ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஓராண்டா என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் ஓராண்டு? ஒரு சொல்லை வேலையில் புழங்குகிறவர் வாயால் கேட்காமல் அவர் பொருள் எழுதமாட்டார். டென்னிஸ் திடலுக்குப் போனார். சினிமாவுக்கு வீடு போடும் தச்சரிடம் போனார். கொத்தனாரிடம் போனபோது நானும் உடனிருந்தேன். அப்போதுதான் பூசிய தரையில் ஏறி நின்றே கேட்டார்:

“செட் ஆகறதுன்னா என்னங்க?”

“முதல்ல கால எடுங்கம்மா. இன்னும் செட் ஆகல.”

“அப்படின்னா?”

“உங்க செருப்பத் தூக்கிப் பாருங்க. அதான் அர்த்தம்.”

திரும்பும் வழியெல்லாம் சிரித்தார். அன்று மாலையே ‘இளகியது இறுகுதல்’ என்று எழுதினார்.

ஆனால் அவரை வாட்டியது வேறொன்று. ‘வை, பொருத்து’ என்னும் செட், ‘உட்காரவை’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. ‘நம்ம செட்டு ஆளு’ என்கிறோமே, கூட்டத்தைக் குறிக்கும் அந்த செட், பின்செல்வோரைக் குறித்த லத்தீன் சொல்லில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காலப்போக்கில் இரண்டும் கலந்தன. ஆனாலும் பிறப்பு வேறு. எனவே அகராதியில் இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும் என்றார் அவர். பக்கம் கூடும், ஒன்றாக்குங்கள் என்றது நிர்வாகம்.

நோயுற்று அவர் மருத்துவமனையில் இருந்தபோது பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் தன் உடம்பைப் பற்றிப் பேசவில்லை.

“அண்ணா, ரெண்டையும் ஒட்டிட்டாங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“ஒட்ட விடாதீங்க. சாயல் ஒண்ணுன்னு ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரே அம்மா பேர எழுதுவாங்களா?”

மகள் குறுக்கிட்டாள்: “மாத்திரையப் போடும்மா. அந்த வார்த்தைக்கு ஒண்ணும் ஆகாது.”

“வார்த்தைக்கு ஆகாதுடி. தேடிப் பார்க்கறவங்கதான் ஏமாந்துபோவாங்க.”

அந்த வாரமே அவரை இழந்தோம். இனி அவருக்காக யார் கேட்பது? நாங்கள் கேட்கிறோம். விடுபட்ட பொருள்களை நாங்கள் தெருத்தெருவாகப் போய்க் கேட்டு எழுதுவோம். இரண்டு பதிவுகளும் தனித்தனியே அச்சேற வேண்டும். நிர்வாகி அவர்களே, பக்கம் போதவில்லை என்று நேற்றும் சொன்னீர்கள். அகராதியின் தொடக்கத்தில் நான் எழுதிய முன்னுரை நான்கு பக்கம் வருகிறது. அதை எடுத்துவிடுங்கள்.