நீளச் சீட்டு வண்டி

— அதுவும் வேணாமா? ஒம்பதாவது வண்டி இது, எனூகி. ஒம்பதாவது!

— வேணாம்னு சொல்லல. உக்கார்ற சீட்டு எவ்வளவு உசரம்னு போட்டிருக்கானான்னுதான் கேட்டேன்.

— நீ இருக்கிற உசரத்துக்கு ரெண்டு சீட்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் கால் தரையில மடங்கித்தான் கெடக்கும். உனக்கெதுக்கு அந்தக் கவல?

— போட்டிருக்கானா, இல்லையா?

— இந்தா, நீயே பாத்துக்க. ஃபோனப் பிடி.

— நீ படி லீத்தியா. நீ படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறுது.

— ஆமாமா. காலையிலருந்து பள்ளிக்கூடத்துல நூத்தி இருவது புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்திட்டு வந்து, இந்தப் பெரிய புள்ளைக்கு வாசிச்சு வேற காட்டணும். மணி நாலாச்சு. அஞ்சு மணிக்குக் கப்பல் ஆர்டர மூடிருவாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷக் கப்பல்தான். தெரியுமில்ல?

— தெரியும்.

— போன வருஷமும் இதே 'தெரியும்'தான். ஆர்டர் போடுன்னு உங்கிட்ட விட்டேன். மாவு மூட்டைக்குப் பதிலா பூன பேள்றதுக்குப் போடுற மண்ணு இருவது மூட்ட வந்து எறங்குச்சு. இந்த ஊருல பூனையே கெடையாது!

— வாசப்படி ஐஸ்ல தூவுனோம்ல. யாராவது வழுக்கி விழுந்தாங்களா?

— சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது. கேளு. சின்ன வண்டி, சேத்துல ஓடுற நாலு சக்கர பைக்கு, புத்தம் புதுசு, கப்பல் கூலியும் சேத்து ஒம்பதாயிரத்து எண்ணூறு டாலர். நம்மகிட்ட இருக்கிறது பத்தாயிரம். ரேடியோ பிங்கோ ஆட்டத்துல விழுந்த நாலாயிரம் போக மிச்சமெல்லாம் இந்த விரல்ல ஊசி ஏத்துன காசு. பதினோரு பார்கா குளிர் கோட்டு தச்சிருக்கேன். இதுக்கு மேல ஒரு டாலர் கெடையாது, சொல்லிட்டேன்.

— அது ஒத்தச் சீட்டு.

— நீ ஒத்த ஆளு. ஒத்தையாத்தான வேட்டைக்குப் போற? இருவத்திரண்டு வருஷமா என்ன ஒரு நாள் பின்னால ஏத்தியிருப்பியா?

— நீளச் சீட்டு வேணும். ரெண்டு பேர் உக்காரணும். பின்னால சாய்மானம் இருக்கணும்.

— சாய்மானமா! தலகாணி வேணாமா? அது பன்னெண்டாயிரம், எனூகி. பாக்கி ரெண்டாயிரம் வானத்துலருந்து விழுமா?

— பனி வண்டிய வித்துருவேன்.

— பனி வண்டிய வித்துட்டுக் குளிர்காலத்துல என்ன பண்ணுவ? என் முதுகுல ஏறி கடல்நாய் புடிக்கப் போவியா?

— அது வந்து… பாப்போம். அப்புறம், கியர் இருக்கக் கூடாது. கட்ட விரலால அமுக்குனாப் போகணும், விட்டா நிக்கணும்.

— கியர் இல்லாத வண்டி விளையாட்டுச் சாமான்னு ஊர் பூரா சொல்லித் திரிஞ்சவன் நீ!

— சொன்னேன்தான்.

— என்ன சத்தம்? ரோடு வரைக்கும் கேக்குது. அம்மா, டீ இருக்கா?

— வா மகனே, ஜூசிபி. கெட்டில்ல இருக்கு, ஊத்திக்க. செத்துப்போன உங்கம்மா பேர எனக்கு வச்சாலும் வச்சாங்க, நம்ம வழக்கப்படி அறுவது வயசு மகன் ஒருத்தன் வந்து சேந்துட்டான். நீயே உன் சித்தப்பா மகன்கிட்டக் கேளு. நாலு சக்கர வண்டி வாங்கக் குந்தினா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி நொட்ட சொல்றான்.

— புதுசு எதுக்கும்மா? என்னுது சும்மாத்தான நிக்குது. ஆறாயிரம் குடுங்க, சாவிய மேசையில வச்சுட்டுப் போறேன். நீளச் சீட்டுதான் அதுவும்.

— எது, அந்த இடது பக்கமா இழுக்கிறதா?

— கொஞ்சமாத்தான் இழுக்கும். வலப்பக்கம் மொகத்தத் திருப்பி ஓட்டுனா நேராப் போகும்.

— பிரேக் பிடிக்குமா, ஜூசிபி?

— நம்ம சேத்துல பிரேக் எதுக்குடா எனூகி? அதுவா நிக்கும். வெளிய இழுக்கத்தான் ஆள் வேணும். சரி, அம்மாவுக்காக ஐநூறு கொறச்சுக்கிறேன்.

— வேணாம். அது பெரிய கனம். கவுந்தா நிமித்த முடியாது.

— யாரு சொல்றது? ஓடைக்குள்ள கவுந்து கெடந்தத தனியா நிமித்துனவனே நீதானடா!

— எல்லாராலயும் முடியாதுல்ல.

— எல்லாரும் எங்கடா வந்தாங்க இதுல? அம்மா, இவன் ஒரு வருஷமாவே சரியில்ல. போன இலையுதிர் காலத்துல ஏரிக்கு அந்தப் பக்கம் கரிபூ மான் மந்த மந்தையா எறங்குச்சு. வாடான்னு கூப்பிட்டேன். எனக்கு மூட்டு வலி, நான் வீட்டுல இருக்கேன், என் வண்டிய எடுத்துட்டுப் போன்னும் சொல்லிப் பாத்துட்டேன்.

— என்ன சொன்ன? வண்டி குடுத்தியா நீ?

— மூணு தடவ. பெட்ரோல் கூட ஊத்தி வச்சேன்.

— எனூகி. பழைய வண்டி செத்துப்போச்சு, வண்டி இல்லாமத்தான் போகலன்னு எங்கிட்ட சொன்ன.

— இன்னொரு டீ ஊத்தவா, ஜூசிபி?

— என் மொகத்தப் பாத்துத்தான சொன்ன?

— டீ ஆறிப்போச்சு போல. நான் வரேம்மா. தப்பா ஏதும் சொல்லிருந்தா… வரேன்.

— கதவ நல்லாச் சாத்திட்டுப் போ, மகனே.

— லீத்தியா, அது வந்து…

— பனி வண்டியும் மக்கர் பண்ணுதுன்னு நீ சொன்னத நம்பி, குளிர்காலம் பூரா கடையில வாங்குன ஒறஞ்ச கோழி தின்னோம். ஒவ்வொரு கோழியும் ஒரு சட்டத் துணி வெல. ஊருல எல்லாரும் நம்ம வாசல்ல கறி கொண்டாந்து வச்சுட்டுப் போனாங்க. ஒருத்தருக்காவது நாம திருப்பிக் குடுத்தோமா? நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு வாங்குனேன். வண்டி இல்ல பாவம்னு உனக்காக நானே எல்லார்கிட்டயும் சொன்னேன். பார்கா தச்சேன். இன்னொண்ணு தச்சேன். அதுக்குத்தானா?

— கத்தாத.

— கத்துவேன்! சோம்பேறித்தனமா? இல்ல, ஏரிக்குப் போக பயமா?

— பயம்தான்.

— இவ்வளவு வருஷம் போனவனுக்கு என்ன புதுப் பயம்? மணி நாலே முக்கால். நான் சின்ன வண்டிய அமுக்கப் போறேன்.

— அமுக்காத லீத்தியா. கெஞ்சிக் கேக்குறேன்.

— அப்பச் சொல்லு. யாருக்கு அந்த ரெண்டாவது சீட்டு? எந்த மகராசன் சாஞ்சுக்கிட்டு வரப் போறான்?

— நான்.

— என்ன?

— பின்னால உக்காரப் போறது நான்.

— ஏன், காலுக்கு என்ன ஆச்சு?

— காலு நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான். ஓரமெல்லாம் தெரியுது. நேரா எதப் பாக்குறேனோ அந்த எடத்துல மட்டும் ஒரு பொகை.

— எப்பலருந்து?

— போன வருஷம் ஐஸ் ஒடையிற நேரத்துல, கரையில ஒரு மான் குனிஞ்சு மேயுதுன்னு குறி வச்சேன். விரல் விசையில இருக்கு. மான் இருமுச்சு. ஜூசிபி இருமல். தண்ணி எடுக்க ஐஸ் ஒடச்சிட்டிருந்திருக்கான்.

— அய்யோ…

— அவனுக்கு இன்னும் தெரியாது. அன்னிக்கு வச்ச துப்பாக்கிதான், திரும்பத் தொடல. நர்ஸம்மாகிட்டப் போனேன். தெக்க பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாக்கலாம், மேல கெடாம வேணா நிறுத்தலாம், போனது போனதுதான்னுட்டாங்க.

— எங்கிட்ட சொல்லிருக்கலாமே. நான் யாரு உனக்கு?

— வேட்டைக்குப் போறவன்னு நெனச்சுத்தான என்னக் கட்டிக்கிட்ட? சொன்னா நான் யாரு உனக்கு? ஏரிக்கு வழி எனக்குத் தெரியும். சக்கரத்துக்குக் கீழ மணல் முடிஞ்சு கல்லு வர்றது காதுக்குத் தெரியும், காத்து எந்தக் கன்னத்துல அடிக்குதோ அதுல மிச்சம் தெரியும். பின்னால உக்காந்து ஒவ்வொரு திருப்பமும் நான் சொல்றேன். மீன் வலைய என் கை பாத்துக்கும். உன் காலு தரைக்கு எட்டணும், உன் விரலுக்கு அடங்கணும், கவுந்தா நீ நிமித்தணும். அந்த மாதிரி வண்டியத்தான் காலையிலருந்து தேடுறேன். நீ ஓட்டுவியா?

— …

— லீத்தியா? ஆமான்னு புருவத்தத் தூக்குறியா, இல்லன்னு மூக்கச் சுருக்குறியா, எனக்குத் தெரியல. உன் மொகம் இருக்கிற எடத்துலதான் அந்தப் பொகை. வாயத் தொறந்து சொல்லு.