சத்தம் கொடுக்காத வெடி

ஓடுகிறேன். தண்ணீர் முழங்கால் அளவு. பாவாடை காலைச் சுற்றுகிறது. காது அடைத்துவிட்டது. சற்று முன் கேட்ட சத்தம் மட்டும் உள்ளே நிற்கிறது. "தொம்." கிணற்றில் வெடித்தால் "டமார்" என்று கல்லோடு கிளம்பும். இது அப்படி இல்லை. தரைக்கு அடியிலிருந்து யாரோ ஓங்கிக் குத்தியது போல இருந்தது. ஆற்று மடுவின் அந்தக் கோடியில் தண்ணீர் எழுந்து நின்றது. பிறகு விழுந்தது. நான் உட்கார்ந்திருந்த பாறை அதிர்ந்து என்னைக் கீழே தள்ளியது. கையில் தூண்டில் கழி இருக்கிறது. அதை நான் விடவில்லை.

எந்தப் பக்கம் ஓடுவது? வெடி வைத்தது யார்? தெரியவில்லை. நாணலுக்கு அப்பால் மேடு இருக்கிறது. அங்கே ஏறினால் ஊர்ப் பாதை. அதை நோக்கித்தான் ஓடுகிறேன்.

எந்த ஊர்ச் சண்டை இது, எந்தப் படை வந்தது என்று கேட்பார்கள். எந்தப் படையும் வரவில்லை. இது எல்லை அல்ல. கல்வராயன் மலை அடிவாரம். சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வந்தது ஒரு ஜீப். அதில் நிலத்துக்காரரின் மகன், அவனுடைய டிரைவர், காலிக் கூடைகள். கூடவே என் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கிணறு வெட்டும் கூட்டத்தில் அவர்தான் வெடி வைப்பவர். பாறையில் துளை போடுவார். வெடிமருந்துத் தோட்டாவைச் செருகுவார். திரியில் நெருப்பு வைக்கும் முன் மேட்டில் ஏறி நின்று மூன்று முறை கூவுவார். "வெடீ! வெடீ! வெடீ!" மண் சுமக்கும் பெண்கள் ஓடுவார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். ஆடு மேய்க்கிறவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவான். அந்தக் குரல் எங்கள் காட்டுக்கே தெரியும். கூவாமல் அவர் ஒரு நாளும் நெருப்பு வைத்ததில்லை.

அது சித்திரை. பள்ளிக்கூடம் லீவு. ஆறு ஓட்டம் நின்று மடுக்களாகக் கிடந்தது. அதுவரை எனக்கு மீன் என்றால் குழம்பு. அவ்வளவுதான். ஒரு நாள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். நாணல் வேரில் யாரோ விட்டுப்போன தூண்டில் முள் சிக்கியிருந்தது. நரம்பும் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. சும்மா விளையாட்டாக ஒரு கழியில் கட்டினேன். சோளத்தட்டையை ஒடித்து மிதப்பு போட்டேன். மண்புழுவைக் கோத்து விட்டேன்.

மிதப்பு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எனக்குச் சலித்துவிட்டது. எழுந்திருக்கலாம் என்று காலை ஊன்றினேன். மிதப்பு ஒரு தரம் தலையாட்டியது. உள்ளே போயிற்று. கழி என் கையை இழுத்தது.

அந்த இழுப்பை எப்படிச் சொல்ல? கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீருக்கு அடியிலிருந்து என்னைப் பிடித்து உலுக்கியது. உயிருள்ள ஒன்று. அது அதன் பக்கம் இழுத்தது, நான் என் பக்கம். யாரும் என்னிடம் அவ்வளவு முனைப்பாகப் பேசியதில்லை. தூக்கினேன். கெண்டை. உள்ளங்கை நீளம்கூட இல்லை. வெயிலில் துள்ளியது. நான் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். ஆடுகள் திரும்பிப் பார்த்தன. அன்றைக்கே தூண்டில் பைத்தியம் பிடித்துவிட்டது.

அப்புறம் தினமும் போனேன். நானாகவே கற்றுக்கொண்டேன். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. கல் உருளக்கூடாது. இருமக்கூடாது. நாணலுக்குள் ஒதுங்கி மூச்சை அடக்கி உட்காருவேன். நான் அங்கே இருப்பது காக்காய்க்குக்கூடத் தெரியாது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஜீப் வந்ததும் எனக்குத் தெரியாது. மடு நீளமானது, நடுவில் வளைவு.

நிலத்துக்காரர் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஆற்று மீன் கேட்டார்களாம். கிணற்று வேலைக்கு வந்த தோட்டாவை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டான் மகன். அப்பா மாட்டேன் என்றார். "ஆத்துல வெடி போடக் கூடாதுங்க. குஞ்சு குளுவான் எல்லாம் செத்துப்புடும்." அவன் கேட்டானாம், "கெணத்து வேல வேணுமா, வேணாவா?" அப்பா ஜீப்பில் ஏறினார். மடுவுக்கு வந்ததும் வழக்கம்போல மேட்டில் ஏறிக் கூவப் போனார். அவன் தடுத்தான். "கத்தாதடா. ஊரே கூடைய எடுத்துக்கினு வந்து நிக்கும்."

இதுதான் நடந்தது. ஊரோடு மீனைப் பங்கு போடக்கூடாது. அதற்காக அந்த மூன்று கூவலை நிறுத்தினான்.

முதல் வெடி முடிந்தது. மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. போதாது என்றான். இரண்டாவது தோட்டா. கிணற்றில் திரி நீளமாக விடுவார்கள், ஓடித் தப்பிக்க. ஆற்றில் தண்ணீரில் விழுந்ததும் வெடிக்கவேண்டும். திரி விரல் நீளம்கூட இராது. அப்பா நெருப்பு வைத்தார். கையை ஓங்கினார்.

மேட்டை நோக்கி ஓடிவந்த நான் வளைவைத் திரும்பினேன்.

இப்போதும் பார்க்கிறேன். ஓங்கிய கை. புகை. அப்பாவின் வாய் திறக்கிறது. "ஓடு! செல்வீ! தண்ணிய வுட்டு ஏறு! ஏறு!" என் காதில் பாதிதான் விழுகிறது. நான் ஓடவில்லை. அப்பாவைப் பார்த்த நிம்மதியில் நின்றுவிட்டேன். அவருக்கு முன்னால் தண்ணீரில் நான். பின்னால் கரையில் அவர்கள். அப்பா என் பக்கம் வீசவில்லை. அவர்கள் பக்கமும் வீசவில்லை. பக்கவாட்டில் இருந்த பள்ளத்தைப் பார்த்து ஓடினார். அங்கே எறிய ஓடினார்.

"டமார்." இந்தத் தடவை கிணற்றுச் சத்தம்.

நிலத்துக்காரர் மகன் உயிரையும் சேர்த்துத்தான் அப்பா காப்பாற்றினார். இதை அவன் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் கத்தினேன். டிரைவர் அப்பாவிடம் ஓடிவந்தான். மகன் கூவினான். "டேய், மொதல்ல மீன வாருடா! ஆள் வந்துடும்!" வாரினார்கள். என் கண் முன்னால். அப்பா மணலில் கிடந்தார். அவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பொறுக்கினார்கள். கூடைகளை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப்பில் மீனுக்கு இடம் இருந்தது. அப்பாவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கரும்பு ஏற்றும் டிராக்டர். அம்மா தன் முந்தானையால் அப்பாவின் சிதைந்த கையைக் கட்டிக்கொண்டு போனாள். என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். திட்டவில்லை.

ஊர் திட்டியது. தோட்டாவைத் திருடி மீன் பிடிக்கப் போனான் என்று அப்பா மேல் கேஸ். அதைச் சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவனை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் இல்லை. என்னிடம் பேச மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது. "பொட்டப் புள்ளைக்கு ஆத்துல இன்னா வேல? இது போகலன்னா அவன் கை இருந்திருக்கும்." அம்மா ஒரு நாள் தெருவில் நின்று கேட்டாள். "எம் பொண்ணு தூண்டியத்தான்டா போட்டா. தோட்டாவையா போட்டா?" எனக்கு வயது ஏறியும் அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

ஆகவே கணக்கைச் சொல்கிறேன். யாரும் மறக்கவேண்டாம்.

அப்பாவின் வலது கை, மணிக்கட்டோடு. வலது கண். ஒரு காது. அவர் தொழில். திருடன் என்ற பேர் ஒட்டிக்கொண்டதால், அவருடைய நல்ல பேர். மடுவில் இருந்த கெண்டை, கெளுத்தி, விரால், அதன் வாலோடு திரிந்த குஞ்சுகள். மறு கோடையும் மிதப்பு அசையவில்லை. அதற்கடுத்த கோடையும் இல்லை.

மூன்றாவது கோடையில் மிதப்பு தலையாட்டியது. நான் அங்கே இருந்தேன். விடாமல் போய்க்கொண்டுதான் இருந்தேன். அந்த ஆசை எனக்குப் போகவில்லை. போயிருக்கவேண்டும் என்று சொன்ன ஒவ்வொருவர் மேலும் இன்றும் கோபம் இருக்கிறது.

இன்னொன்றும் போயிற்று. அப்பாவின் கூவல். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த வருஷங்களில் குரலை உயர்த்தி ஒரு சொல் பேசியதில்லை. அன்று மேட்டில் ஏறவிடாமல் அவரைத் தடுத்தார்கள். இப்போது அவருக்குப் பதிலாக நான் ஏறி நிற்கிறேன். வெடீ. வெடீ. வெடீ.