காவல் கோழிகள்

— கேட்டுக்கு வெளியவே நில்லுக்கா. தடுப்பூசி கண்டுபிடிச்ச டாக்டரம்மான்னாலும் விதி விதிதான்.

— வைரஸ் லேப்ல இருக்கிறவ பண்ணைக்குள்ள வரக்கூடாதுன்னு அந்த விதியை எழுதினதே நான்தான்டா. பேச்சை மாத்தாத. சிவப்பு வளையம் என்ன ஆச்சு?

— முதல்ல நல்லதைக் கேளு. பக்கத்துப் பண்ணை பறவைக் காய்ச்சல்ல மொத்தமும் காலி. நம்ம கொட்டகையில உன் ஊசி போட்டுக்கிட்டதெல்லாம் தீனிக்கு அடிச்சுக்குது. ஒண்ணு என்னையே கொத்திருச்சு. ஆரோக்கியத்துக்கு இதைவிடச் சான்றிதழ் வேணுமா?

— சிவப்பு வளையம்டா. நோய் வந்தா காட்டிக்குடுக்கட்டும்னு ஊசி போடாம கூட்டத்துல கலந்து விட்டோமே, அந்தக் காவல் கோழிங்க.

— நேத்து சோர்ந்து போய் உட்கார்ந்துச்சுங்க. காலையில பாத்தா எல்லாமே செத்துக் கிடக்கு.

— எல்லாமேவா!

— அடிப்பாவி, சிரிக்கிறியா?

— இல்லடா... ஆமா, சிரிக்கிறேன். வைரஸ் உள்ள வந்திருக்கு. ஊசி போடாதது செத்திருக்கு, போட்டது நிக்குது! லேப் கூண்டுல எத்தனையோ தடவை பாத்துட்டோம். நிஜக் கொட்டகையில இதான்டா முதல் தடவை!

— அப்போ வாசல்ல எனக்கு ஒரு சிலை வைக்கச் சொல்லு. கையில கோழியோட. மூக்கை மட்டும் கொஞ்சம் திருத்திக்கட்டும்.

— வைக்கலாம்...

— என்ன, சுருதி இறங்குது?

— ஊசி போட்ட கோழி சாகாதுடா. ஆனா வைரஸ் அதுங்க உடம்புல கொஞ்ச நாள் சத்தமில்லாம இருக்கலாம். அங்கேருந்து வெளிய பரவலாம். அதனால...

— முழுசா சொல்லுக்கா.

— நோய் புகுந்த கொட்டகையை மொத்தமா அழிச்சாகணும். ஊசி போட்டிருந்தாலும் சட்டம் அதான். போன தடவை இதே காய்ச்சல்ல எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு நீ எழுந்து நிக்க என்ன பாடுபட்டேன்னு எனக்குத் தெரியும். இதை எந்த வாயால உன்கிட்ட சொல்றதுன்னு...

— செத்ததைக் கமுக்கமா புதைச்சிட்டா?

— டேய்!

— சும்மா கேட்டேன், கத்தாத. கால்நடை ஆபீசுக்கு விடிஞ்சதுமே ஃபோன் பண்ணிட்டேன். அழிக்கிற வண்டி கிளம்பிடுச்சு. எங்க அக்காவோட ஃபீல்டு ஆளுங்க சோதனைக்கு ரத்தம் எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒரு கோழி மேலயும் கை வைக்கக்கூடாதுன்னு சண்டை போட்டு ஒத்துக்க வச்சிருக்கேன். சீக்கிரம் வரச் சொல்லு. நம்ம கோழி ஜெயிச்சுட்டுதான் போச்சுன்னு ஊரு நம்ப வேணாமா?